குளிர்கால டயர் மாட்டியதும் மியாட்டா ஏன் இப்படி அலைகிறது?

கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். 2019 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா, இரண்டே இருக்கை உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார், இந்தக் கோடையில் பழைய வண்டியாக வாங்கியது. நவம்பர் நடுவில் நான்கு சக்கரத்துக்கும் தனி ரிம்மோடு புது குளிர்கால டயர் மாட்டினீர்கள். அன்றிலிருந்து வண்டியே மாறிவிட்டது என்கிறீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது, நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது பின்பக்கம் தனியாக ஆடுவது போல் இருக்கிறது. கடையில் ஏதாவது தப்பாக மாட்டிவிட்டார்களா, இல்லை இது இப்படித்தானா, கழற்றிவிட்டுப் பழைய கோடை டயரையே போட்டு ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். ஓட்டும் சுகம் குறைந்த வருத்தம் கேள்வியில் தெரிகிறது. ஆனால் அடியில் இருப்பது, இந்த ஆட்டம் ஆபத்தின் அறிகுறியா என்ற பயம் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் ஆபத்து இல்லை. புது குளிர்கால டயர் போட்ட எந்த மியாட்டாவும் கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன மாதிரிதான் ஓடும். ஆனால் இதே உணர்வைத் தரக்கூடிய மூன்று நான்கு கோளாறுகளும் உண்டு. அவை இல்லை என்பதை நீங்களே பார்த்து உறுதிசெய்துகொள்ள முடியும், அதைக் கீழே சொல்கிறேன். நான் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன். 14 ஆண்டுகளாக டொராண்டோவின் கிழக்குப் பக்கம் ஒரு பட்டறையில் டயர், அலைன்மென்ட், சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். என்னிடமும் உங்களுக்கு முந்தைய தலைமுறை மியாட்டா ஒன்று இருக்கிறது, அதை ஆறு குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் டயரின் குணம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், உங்கள் வண்டிக்கு என்ன என்று சொல்வதை மட்டும் அனுமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வண்டி வெளியில் நிற்கும்போது, வெப்பநிலை சைபருக்குக் கீழே இருக்கும் ஒரு காலையில், கையுறையைக் கழற்றிவிட்டு இதைச் செய்து பாருங்கள். டயரின் மேல்பக்கத்தில் ஒரு ட்ரெட் கட்டையை, ஊரில் லாரிக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்வார்களே அதை, கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளுங்கள். அசையும். அந்தக் கட்டையின் மேல் தபால் அட்டை கனத்துக்கு நெளிநெளியாகக் கீறல்கள் போட்டிருப்பார்கள், சைப் என்று பெயர். நீங்கள் தள்ளத் தள்ள அந்தக் கீறல்கள் ஒரு பக்கம் லேசாக வாய் திறக்கும். தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்கள் பிரிவது போல இருக்கும். இப்போது கராஜில் அடுக்கி வைத்திருக்கும் கோடை டயரை அதே மாதிரி தள்ளிப் பாருங்கள். குளிரில் அது கல் மாதிரி இருக்கும், நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும். ஸ்டியரிங்கில் நீங்கள் உணரும் வித்தியாசத்தின் பெரும்பகுதி உங்கள் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்கிறது.

புது குளிர்கால டயரின் ட்ரெட் ஆழம் 8-9 மில்லிமீட்டர். உங்கள் கோடை டயர் புதிதாக இருந்தபோதே அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாகத்தான் இருந்திருக்கும், தேய்ந்த பிறகு இன்னும் குறைவு. உயரமான கட்டை, குட்டையான கட்டையைவிட எளிதில் சாயும். அதில் நூற்றுக்கணக்கான கீறல்கள் போட்டால் இன்னும் சாயும். ரப்பரும் குளிரில் இறுகாமல் இருப்பதற்காகவே கலக்கப்பட்டது, அதனால் அதுவும் மெத்தென்று இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்துதான் பனியில் பிடிமானம் தருகின்றன. காய்ந்த தாரில் ஸ்டியரிங்கை மந்தமாக்குவதும் இதே மூன்றுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. டயர் கம்பெனிகள் கீறலின் உள்சுவர்களை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி மேடுபள்ளமாகச் செய்து சாய்வைக் குறைக்கிறார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனாலும் வித்தியாசம் முழுதாகப் போவதில்லை.

இனி அந்த 'ஒரு கணம் யோசிப்பது'. எந்த டயரும் நீங்கள் திருப்பிய திசையில் அப்படியே போவதில்லை. சக்கரம் காட்டும் திசைக்கும் டயர் உண்மையில் உருளும் திசைக்கும் நடுவே ஒரு சின்னக் கோணம் விழ வேண்டும், அப்போதுதான் பக்கவாட்டு விசை பிறக்கும். ஸ்லிப் ஆங்கிள் என்பது இதுதான். ஸ்போர்ட்ஸ் வண்டியின் கோடை டயர் சின்னக் கோணத்திலேயே நிறைய விசை தந்துவிடும். அதனால்தான் கையை அசைத்ததும் மூக்கு திரும்புகிறது. குளிர்கால டயரில் கட்டைகள் முதலில் சாய்ந்து முடிக்க வேண்டும், அதே விசைக்கு அதிகக் கோணம் வேண்டும், அது சேர்வதற்கு டயர் கொஞ்ச தூரம் உருளவும் வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் உங்கள் கை 'தாமதம்' என்று படிக்கிறது. இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. கோடை டயர் எல்லையைத் தாண்டினால் சட்டென்று விடும். குளிர்கால டயர் சீக்கிரமே கத்த ஆரம்பித்து, மெதுவாகத்தான் விடும். எல்லை தாழ்வாக இருக்கிறது, ஆனால் நெருங்கும்போதே எச்சரிக்கிறது.

பின்பக்கம் தனியாக ஆடுவது போல் இருக்கிறது என்றீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரையும் பயமுறுத்துவது அதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் வேலை செய்வது முன்சக்கரங்கள் மட்டும். அவை மூக்கை இழுத்து, வண்டி திரும்பத் தொடங்கிய பிறகுதான் பின்டயர்களுக்குக் கோணம் விழுகிறது, அவை விசை தரத் தொடங்குகின்றன. கோடை டயரில் இந்த இடைவெளி மிகச் சின்னது, முன்னும் பின்னும் சேர்ந்து திரும்புவது போலவே இருக்கும். குளிர்கால டயரில் பின்பக்கம் கொஞ்சம் வெளியே நகர்ந்து, சாய்ந்து, அப்புறம்தான் உட்காரும். லேன் மாறும்போது உடனே எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள், அப்போது சாய்ந்த கட்டைகள் நிமிர்ந்து மறுபக்கம் சாய வேண்டும். அந்த இரண்டு அசைவும் சேர்ந்துதான் வாலாட்டுவது போலத் தோன்றுகிறது. டயர் வழுக்கவில்லை. அடிப்பகுதி ரோட்டைப் பிடித்தபடியே இருக்கிறது, மேலே இருக்கும் ரப்பர் மட்டும் வளைகிறது.

இதே டயரை ஒரு பெரிய செடானில் போட்டால் ஓட்டுபவர் அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார். மியாட்டாவில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது? உங்கள் வண்டியின் எடை ஏறக்குறைய 1,060 கிலோ. முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2,310 மில்லிமீட்டர்தான். ஓட்டுபவரின் இருக்கை பின்அச்சுக்குச் சற்று முன்னால், ஏறக்குறைய அதை ஒட்டியே இருக்கிறது. சாதாரண காரில் ஓட்டுபவர் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்கார்கிறார், அதனால் பின்பக்கத்தின் நகர்வு அவருக்குப் பாதிதான் வந்து சேரும். மியாட்டாவில் அது நேராக உங்கள் இடுப்புக்கு வந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. இந்த வண்டியில் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சேசிஸ் எல்லாமே ஓட்டுபவருக்குச் செய்தி சொல்வதற்காகவே அமைக்கப்பட்டவை. மந்தமான ஸ்டியரிங் உள்ள வண்டியில் டயரின் மந்தம் கலந்து மறைந்துவிடும். இங்கே மறைய இடமே இல்லை. நல்ல ஒலிபெருக்கியில் பழைய பாட்டு கேசட்டைப் போட்டால் அதன் இரைச்சலும் தெளிவாகக் கேட்பது போல.

சரி, இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது கோடை டயரையே வைத்துக்கொள்ளக் கூடாதா? இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், பல கடைகளில் சொல்ல மாட்டார்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்கால டயர்தான் எல்லாவற்றிலும் மேல் என்று ஒரு விதி சொல்வார்கள். அது ஒரு நினைவுக்குறிப்பு மட்டும்தான், கோடு போட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரிப்பதில்லை. 4-5 டிகிரியில், வெயிலடிக்கும் காய்ந்த தாரில், நல்ல கோடை டயர் குளிர்கால டயரைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கக்கூடும். ஈரத்தில் அந்த முன்னிலை சீக்கிரம் கரைந்துவிடும். பனி விழுந்துவிட்டால் ஒப்பிடவே வேண்டாம்.

கணக்கு எளிது. 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால், உராய்வு எண் (டயர் ரோட்டைப் பிடிக்கும் அளவு) 0.9 உள்ள காய்ந்த ரோட்டில் சுமார் 11 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அந்த எண் 0.3 என்றால் 33 மீட்டர். 0.15 என்றால் 66 மீட்டர். பனியில் நல்ல குளிர்கால டயர் 0.3-க்கு அருகிலும், குளிரில் இறுகிப்போன கோடை டயர் 0.15-க்கு அருகிலும் நிற்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பனியின் வகையையும் வெப்பத்தையும் பொறுத்து இந்த எண்கள் நிறைய மாறும், ஆனால் பாதிக்குப் பாதி என்ற அளவு வித்தியாசம் மாறாது. 33 மீட்டருக்கும் 66 மீட்டருக்கும் நடுவே ஒரு முழு நாற்சந்தி இருக்கிறது. கோடை டயருக்கு இன்னொரு அபாயமும் உண்டு. கடும் குளிரில் அந்த ரப்பர் கண்ணாடி போல இறுகி, உருட்டினாலே விரிசல் விடக்கூடும் என்று டயர் கம்பெனிகளே எச்சரிக்கின்றன. மைனஸ் 15-இல் வெளியே நிறுத்திய வண்டியைக் கோடை டயரோடு நகர்த்தக் கூடாது. எனவே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம். வண்டியை மார்ச் வரை கராஜில் பூட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. ஓட்டப் போகிறீர்கள் என்றால் குளிர்கால டயர்தான். ஒன்டாரியோவில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். மான்ட்ரியாலில் வசிக்கும் நண்பருக்கு உங்கள் வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் இதை மறக்க வேண்டாம். 2016 முதல் ஒன்டாரியோவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் குளிர்கால டயருக்குச் சலுகை தர வேண்டும் என்ற விதி இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. முதலில் காற்று. நான் பார்க்கும் பத்து புகாரில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். உங்கள் வண்டியின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 29 பிஎஸ்ஐ என்று இருக்கும். பட்டறைக்குள் 20 டிகிரி வெப்பத்தில் சரியாக 29 வைத்து அனுப்பினாலும், வெளியே மைனஸ் 15-இல் ஒரு இரவு நின்றால் அதே டயரில் 24 பிஎஸ்ஐதான் இருக்கும். காற்று எங்கும் கசியவில்லை, குளிரில் சுருங்குகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே மெத்தென்ற டயரில் ஐந்து பிஎஸ்ஐ குறைந்தால் பக்கச்சுவரும் சேர்ந்து சாயும், நீங்கள் சொன்ன எல்லாமே இரட்டிப்பாகும். அதனால் காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன், வெளியில் நின்ற குளிரிலேயே அளந்து 29-க்குக் கொண்டுவாருங்கள். பெட்ரோல் பங்கின் அளவுமானியை நம்ப வேண்டாம், இருபது டாலருக்குச் சொந்தமாக ஒன்று வாங்குவது நல்லது.

இரண்டாவது, சக்கர நட்டுகள். புது ரிம் மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முறுக்க வேண்டும். மாஸ்டா சொல்லும் அளவு 108 முதல் 147 நியூட்டன் மீட்டர். தளர்ந்த நட்டும் பின்பக்க ஆட்டம் போலத்தான் முதலில் தெரியும், இதில் மட்டும் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மூன்றாவது, ரிம்மின் நடு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் உட்காரும் வண்டியின் நடுப்பகுதி, அதாவது ஹப், உங்கள் வண்டியில் 54.1 மில்லிமீட்டர். கடைகளில் விற்கும் பொது ரிம்களின் ஓட்டை பெரிதாக இருக்கும், நடுவே ஒரு வளையம் போட்டு ஈடுகட்ட வேண்டும். அந்த வளையத்தை மறந்துவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராமல் போய், 90-110 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நடுக்கத்தையும் மந்தத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மந்தம் டயரின் குணம், நடுக்கம் எப்போதுமே கோளாறு. நான்காவது, டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும்படி நான்கிலும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நேரான ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு வளைவுக்கும் எதிர் வளைவுக்கும் குணம் மாறுகிறது என்றால் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை, பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் அலைன்மென்ட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்யலாம்? கதவுத் தாளில் உள்ளதைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டினால் ஸ்டியரிங் கொஞ்சம் விழிப்பாகும். இது என் கை அனுபவம், எல்லா டயரிலும் ஒரே அளவு பலன் தராது, பனியில் பிடிமானம் சற்றுக் குறையலாம் என்பதால் அதற்கு மேல் நான் போவதில்லை. பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைப் பார்த்து அதுவரை அடிப்பவர்கள் உண்டு, அது தவறு. அப்புறம் பொறுமை. புது டயரின் மேல் வார்ப்பில் இருந்து வந்த எண்ணெய்ப் பூச்சு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டரில் போய்விடும். கட்டைகள் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்ததும் சாய்வு குறையும். இரண்டாவது குளிர்காலத்தில் இதே டயர் காய்ந்த ரோட்டில் கண்டிப்பாக நன்றாக ஓடும், பனியில் மட்டும் கொஞ்சம் இழக்கும். 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் பனிக்கு அது ஆகாது, காய்ந்த ரோட்டில் எவ்வளவு பிடித்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

எந்த வகை டயர் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பதிலின் பாதி அதில் இருக்கிறது. குளிர்கால டயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ் வரிசை, மிஷெலின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்கபெலீட்டா ஆர் வரிசை போன்றவை. ஐஸிலும் ஆழமான பனியிலும் மிக நல்லவை, ரப்பர் மிக மென்மை, காய்ந்த ரோட்டில் மிக மந்தம். இன்னொன்று மிஷெலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோசீரோ போன்றவை. ஜெர்மனி மாதிரி, பனியைவிட ஈரமும் குளிரும் அதிகமாக உள்ள நாடுகளின் வேகமான வண்டிகளுக்காக வந்த வகை. ஐஸில் முதல் வகைக்குக் கீழே, வளைவில் அதற்கு வெகு மேலே. பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு எழுத்து இருக்கும், டயர் தாங்கும் உச்ச வேகத்தை அது சொல்லும். ஆர் என்றால் 170 கிலோமீட்டர், டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240. பொதுவாக அந்த எழுத்து உயர உயர டயர் விறைப்பாகும். நீங்கள் மிசிசாகாவிலேயே, உப்புப் போட்டுச் சுத்தம் செய்த பெரிய ரோடுகளில் ஓட்டுபவர் என்றால் அடுத்த முறை இரண்டாவது வகையை எடுங்கள். வார இறுதியில் வடக்கே மஸ்கோகா பக்கம் போகிறவர் என்றால் இப்போது இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மலை உருவத்துக்குள் பனிப்படிகம் வரைந்த முத்திரை இருக்க வேண்டும். வெறும் எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்தை நம்பி வாங்காதீர்கள், அதை எந்தப் பனிச் சோதனையும் செய்யாமலே அச்சிடலாம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டி 205/45 ஆர்17-உடன் (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) வந்திருந்தால், குளிர்காலத்துக்கு 16 அங்குல ரிம்மில் 205/50 போடலாம், வெளிவிட்டம் ஏறக்குறைய அதேதான் வரும். பக்கச்சுவர் உயரும், டொராண்டோவின் பிப்ரவரி மாதக் குழிகளில் ரிம் தப்பிக்கும், விலையும் குறையும். ஆனால் மந்தம் இன்னும் கூடும், நீங்கள் ஏற்கெனவே வருந்துவது அதற்காகத்தான். பிரெம்போ கம்பெனியின் பெரிய பிரேக் உள்ள வண்டி என்றால் 16 அங்குல ரிம் உள்ளே போகுமா என்று மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ரிம் வாங்கும்போது எடையையும் கேளுங்கள். இரண்டு மூன்று கிலோ அதிகமான இரும்பு ரிம் ஒரு பெரிய வண்டியில் தெரியாது. ஒரு டன் எடையுள்ள இந்த வண்டியில் மேடுபள்ளத்தில் சக்கரம் குதிப்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் மியாட்டாவோடு வந்து, "அண்ணா, இது பின்சக்கர டிரைவ்தானே, பின்னால் மட்டும் இரண்டு போட்டால் போதும், முன்னால் கோடை டயரே இருக்கட்டும், ஸ்டியரிங் நன்றாக இருக்கும்" என்றான். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். பனியில் வண்டி புறப்பட்டுவிடும், ஆனால் திரும்பாது, நிற்காது, ஏனென்றால் நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. முன்னால் மட்டும் போட்டால் இன்னும் மோசம், மூக்கு பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். இந்த வண்டியில் முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி எடை, அந்தச் சமநிலைதான் இதன் உயிர். நான்கும் ஒரே மாதிரி, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். அவனிடம் இரண்டு டயரை விற்க மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன், அடுத்த வாரம் நான்குக்கும் காசோடு வந்தான். டிக்கியில் மணல் மூட்டை வைப்பதும் அப்படித்தான். பழைய பிக்கப் டிரக்குகளுக்கு அது பொருந்தும், இங்கே பின்அச்சுக்கும் பின்னால் 40 கிலோ ஏற்றினால் முன்பக்கம் லேசாகி, பின்பக்கம் ஊசல் குண்டு போல வீசும். வேண்டாம்.

கடைசியாக, இந்த டயரோடு எப்படி ஓட்டுவது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே, கொஞ்சம் மெதுவாகத் திருப்பத் தொடங்குங்கள். டயர் சாய்ந்து உட்காரும் வரை காத்திருந்து அப்புறம் மீதியைத் திருப்புங்கள். இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும், பின்பக்க ஆட்டமும் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் அதில் பாதி நாம் கோடை டயருக்கான வேகத்தில் கையைத் திருப்புவதால் வருவது. ஐஸ் இருக்கும் இடத்தில் கீழ் கியரில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதீர்கள். எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தும், பின்பக்கம் வழுக்கிவிடும். கிளட்சை மிதித்துவிட்டால் சக்கரம் சுதந்திரமாக உருண்டு பிடிமானம் திரும்ப வரும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் பனியில் இருந்து கிளம்புவது சுலபம், ஆனால் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுழன்றால் வண்டி பக்கவாட்டில் நகரும், அதற்குத் தயாராக இருங்கள். சைபர் டிகிரியை ஒட்டிய ஐஸ்தான் மிக மோசம், மேலே ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். மைனஸ் 20-இல் அதே ஐஸ் ஆச்சரியப்படும் அளவுக்குப் பிடிக்கும். 14 சென்டிமீட்டர்கூட இல்லாத தரை இடைவெளி உள்ள வண்டி இது. 20 சென்டிமீட்டர் பனி விழுந்த காலையில் எந்த டயரும் உதவாது, வயிறு பனிமேல் ஏறி உட்கார்ந்துவிடும். அன்று பஸ்ஸில் போங்கள்.

ஏப்ரலில் பகல் வெப்பம் பத்து டிகிரியைத் தாண்டி நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். வெயிலில் இந்த மென்மையான ரப்பர் வேகமாகத் தேயும், மந்தமும் இன்னும் கூடும். மே மாதத்தில் குளிர்கால டயரோடு ஒரு மியாட்டா வளைவை வேகமாக எடுப்பதைப் பார்க்க எனக்கே மனம் கஷ்டப்படும். அதற்கு முன், நாளைக் காலை குளிரில் அளந்த நான்கு சக்கரத்தின் காற்றளவு, டயரின் பெயர், பக்கச்சுவரில் உள்ள முழு எண், நடுக்கம் உண்டா இல்லையா, எந்த வேகத்தில் என்று இங்கேயே எழுதுங்கள். அவை தெரிந்தால் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியும்.